படுக்கை அருகே பிறக்கும் ஆராய்ச்சி: பதிவுபெற்ற செவிலியர்களும் செவிலிய ஆய்வின் வரலாறும்

விருதுநகர் மாவட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பெற்றோர் பலர் ஆசிரியர்களைத் தேடி வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "சார், பொண்ண நர்சிங் சேர்க்கலாமா?" தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் வேலை பார்க்கும் குடும்பங்களில் செவிலியர் படிப்பு என்பது பிள்ளைக்கு ஒரு நிரந்தர வருமானம், வெள்ளைச் சீருடை, மரியாதை. நான் பணியாற்றிய காலத்தில் அப்படிக் கேட்டவர்களுக்கு "சேருங்கள்" என்றே சொன்னேன். ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் "நீ ஒரு நாள் ஆராய்ச்சியும் செய்யலாம்" என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. செவிலியருக்கும் ஆராய்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்பதே எனக்கு அப்போது தெரியாது. அந்தக் குறையை ஓரளவு போக்கும் முயற்சியே இக்கட்டுரை.

ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, மருத்துவர் சொன்னதைச் செய்வது ஆகியவையே செவிலியரின் வேலை என்பது பொதுவான எண்ணம். ஆனால் நோயாளியின் அருகில் இருபத்து நான்கு மணி நேரமும் யாரேனும் ஒருவர் இருக்கிறார் என்றால் அவர் செவிலியரே. அவர் கண்ணில் படுவது வேறு எவர் கண்ணிலும் படாது. அப்படிப் பட்டதை எழுதி வைத்து, எண்ணிப் பார்த்து, ஒப்பிட்டு, காரணம் கேட்டபோதெல்லாம் மருத்துவம் முன்னேறியிருக்கிறது. அந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு.

சொல்லும் பொருளும்

'செவிலி' என்பது தமிழில் பழைய சொல். சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய் செவிலித்தாய். தொல்காப்பியமும் அவளுக்கு உரிய இடத்தைக் கூறுகிறது. இந்தப் பழஞ்சொல்லே இன்று மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்கிறது. முந்தைய தலைமுறையினர் 'தாதி' என்றனர். இலங்கைத் தமிழர் இன்றும் 'தாதியர்' என்றே வழங்குகின்றனர். மக்கள் பேச்சில் 'நர்சம்மா', 'சிஸ்டர்' ஆகியவையே நிலைத்துவிட்டன.

'பதிவுபெற்ற செவிலியர்' என்பவர் அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து, மாநிலச் செவிலியர் மன்றத்தின் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்த்துக்கொண்டவர். 'செவிலிய ஆராய்ச்சி' என்பது நோயாளியைப் பராமரிக்கும் முறைகளில் எது பயன் தருகிறது, எது தரவில்லை என்பதை முறைப்படி ஆராய்ந்து அறிவது. எந்த மருந்து நோயைக் குணமாக்கும் என்பது மருத்துவ ஆய்வின் கேள்வி. வலியை எப்படிக் குறைப்பது, படுக்கைப்புண் வராமல் எப்படிக் காப்பது, நோயாளி வீடு திரும்பிய பின் மருந்தை விடாமல் சாப்பிடச் செய்வது எப்படி என்பவை செவிலிய ஆய்வின் கேள்விகள்.

நைட்டிங்கேலின் எண்கள்

இத்துறையின் தொடக்கம் பிளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் (1820–1910) இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் அவர் 'கைவிளக்கு ஏந்திய காரிகை'யாக வருகிறார். விளக்கை நினைவில் வைத்த நாம் அவர் வைத்திருந்த கணக்குப் புத்தகத்தை மறந்துவிட்டோம்.

கிரீமியப் போரின்போது 1854ஆம் ஆண்டு நவம்பரில் அவர் துருக்கியின் ஸ்குட்டாரியில் இருந்த பிரிட்டிஷ் படை மருத்துவமனைக்குச் சென்றார். 1855 பிப்ரவரியில் அங்குச் சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் இறந்தனர். அந்த வசந்தத்தில் சாக்கடைகள் சீரமைக்கப்பட்டு, காற்றோட்டம் உண்டாக்கப்பட்ட பின், ஜூன் மாதத்தில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. போர் முடிந்து நாடு திரும்பிய நைட்டிங்கேல், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரின் துணையுடன் இந்த எண்களை ஆராய்ந்தார். போர்க்காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிகப் பலர் என்பது தெரிந்தது. அதை அமைச்சர்களும் புரிந்துகொள்ளும் வகையில் வண்ண வட்ட வரைபடமாக 1858இல் வெளியிட்டார். அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனார்.

அடுத்து அவர் கவனம் இந்தியா மீது திரும்பியது. 1859இல் அமைக்கப்பட்ட இந்தியப் படைகளின் சுகாதாரம் பற்றிய அரச ஆணையத்துக்காக, இந்தியாவின் படைமுகாம்களுக்கெல்லாம் அவர் வினாப்பட்டியல் அனுப்பினார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, எத்தனை பேர் எந்த நோயால் இறந்தனர் என்று கேட்டு வாங்கிய விடைகள் மூட்டை மூட்டையாக வந்தன. 1863இல் வெளியான அறிக்கை, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்ததைக் காட்டியது. பத்தாண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் அது 18 ஆகக் குறைந்தது என்று அவரே பின்னர் எடுத்துக்காட்டினார். இத்தனைக்கும் அவர் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. வினாப்பட்டியலும் பதிவேடும் சரியாக இருந்தால் எவ்வளவு தொலைவிலிருந்தும் உண்மையை அறியலாம் என்பதற்கு இது சான்று.

பதிவேட்டில் ஏறிய பெயர்கள்

நைட்டிங்கேலுக்குப் பின் செவிலியம் ஒரு பயிற்சித் தொழிலாக இந்தியாவில் வேரூன்றியது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909ஆம் ஆண்டு டெலியா ஹௌட்டன் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1908இல் இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் உருவானது. 1910 முதல் அது தனக்கென ஓர் இதழை நடத்தியது. பயிற்சி இருந்தது, சங்கம் இருந்தது, இதழும் இருந்தது. சட்டப்படியான அடையாளம் மட்டும் இல்லை. பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டனர்.

அந்தக் குறையைப் போக்கியது 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், பேறுகால உதவியாளர் சட்டம். அதன்படி ஒரு மன்றம் அமைந்தது. பயிற்சி முடித்தவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. இன்றைய தமிழ்நாடு செவிலியர், பேறுகால உதவியாளர் மன்றம் இந்த மரபில் வந்ததே. நாடு முழுமைக்குமான இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947இல் வந்தது. 2023இல் இயற்றப்பட்ட தேசியச் செவிலியர், பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் இவ்வமைப்பை மாற்றியமைக்கிறது.

பதிவு என்பதை நாம் ஓர் அலுவலகச் சடங்காகவே பார்க்கிறோம். ஆராய்ச்சியின் கண்ணோட்டத்தில் அதற்கு இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, எண்ண முடிகிறது. 1946இல் வெளியான போர் குழு அறிக்கை, இந்தியாவில் ஏறத்தாழ 7,000 செவிலியர்களே உள்ளனர், அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர், என்று சொல்ல முடிந்தது. நாட்டின் பற்றாக்குறை அப்போதுதான் எண்ணாகத் தெரிந்தது. இரண்டாவது, பொறுப்பு வருகிறது. பதிவு எண் உள்ள ஒருவர் எழுதும் குறிப்புக்கு அவரே பொறுப்பு. பெயர் தெரிந்த ஒருவர், தெரிந்த நேரத்தில், தெரிந்த முறையில் அளந்து எழுதிய குறிப்பே ஆய்வுக்குரிய தரவு ஆகும்.

உலகம் பின்பற்றிய சென்னை ஆய்வு

விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு உலக மருத்துவத்தையே மாற்றியது. அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவை இல்லாமல் நோய் தீராது என்று நம்பினர். ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் போதவே போதா.

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து இதை நடத்தின. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது இதுவே. நகரின் ஏழை மக்கள் பகுதிகளைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சிகிச்சை பெற்றனர். மற்றவர் தம் வீட்டில் இருந்தபடியே அதே மருந்துகளை உட்கொண்டனர். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேர். சானடோரியப் பிரிவில் 92 பேர். வேறுபாடு சிறிதே. வீட்டில் இருந்த நோயாளிகளால் குடும்பத்தினருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் முடிவுகள் வெளியானபின் உலகின் பல நாடுகள் வீட்டுச் சிகிச்சைக்கு மாறின.

இந்த ஆய்வின் முதுகெலும்பு வீட்டுப் பிரிவு. நோயாளி மருந்தை உண்மையில் உட்கொண்டாரா என்பது தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. அதற்காகப் பொதுச் சுகாதாரச் செவிலியர்களும் சுகாதாரப் பார்வையாளர்களும் வீடு வீடாகச் சென்றனர். முன்னறிவிப்பு இல்லாமல் போய் மீதமுள்ள மருந்தை எண்ணினர்; சிறுநீர் மாதிரி வாங்கி மருந்தின் தடயம் உள்ளதா என்று சோதிக்கக் கொண்டுவந்தனர். குடிசைத் திண்ணையில் உட்கார்ந்து, மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று கோபமின்றிக் கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களது எண்ணிக்கை பிழைத்திருந்தால் 86 என்ற அந்த எண்ணே பொருளற்றுப் போயிருக்கும். கட்டுரை தனி ஒருவர் பெயரில் அல்லாமல் மையத்தின் பெயரில் வெளிவந்தது. அது அந்தக் கூட்டு உழைப்புக்குப் பொருத்தமான மரியாதை.

சூரிய ஒளியைக் கவனித்த சிஸ்டர்

எல்லா இடத்திலும் அந்த மரியாதை கிடைத்துவிடவில்லை. அதே 1956இல் இங்கிலாந்தில் நடந்ததைப் பார்ப்போம்.

எசெக்ஸ் பகுதியில் உள்ள ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் குறைப்பிரசவக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாளர் சிஸ்டர் ஜீன் வார்டு. வெயில் அடிக்கும் நாட்களில் குழந்தைகளை வெளியே தோட்டத்துக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். ஒரு நாள் மஞ்சள் காமாலை கண்ட ஒரு குழந்தையை மருத்துவரிடம் காட்டினார். உடல் முழுதும் வெளிறியிருக்க, துணியின் முனை மூடியிருந்த ஓர் இடத்தில் மட்டும் தோல் மஞ்சளாகவே இருந்தது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் நிறம் குறைந்திருக்கிறது என்பது அவர் கவனிப்பு. பின்னர் ஜன்னல் அருகே வெயிலில் இருந்துவிட்ட இரத்த மாதிரி ஒன்றிலும் காமாலைக்குக் காரணமான பிலிருபின் குறைந்திருந்தது தெரிய வந்தது. இவ்விரண்டையும் கொண்டு ஒளிச் சிகிச்சை உருவானது. 1958இல் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. கட்டுரை ஆசிரியர்களாகக் கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகிய மூவர் பெயர்கள் உள்ளன. ஜீன் வார்டின் பெயர் அவர்களோடு இல்லை.

இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் பிறந்த குழந்தைக்குக் காமாலை என்றால் நீல விளக்கின் கீழ் படுக்க வைக்கிறார்கள். அந்த விளக்கின் பின்னால் ஒரு செவிலியரின் கண் இருக்கிறது. அவர் கண்டார்; கண்டதை மறைக்காமல் சொன்னார். அதை ஆய்வாக்கி எழுதும் வாய்ப்பும் பயிற்சியும் அவர் காலத்துச் செவிலியருக்கு இல்லை.

செவிலியரே எழுதத் தொடங்கியபோது

பிறகு நிலை மாறியது. 1952இல் அமெரிக்காவில் 'நர்சிங் ரிசர்ச்' என்ற ஆய்விதழ் தொடங்கியது. செவிலியர்கள் தம் கேள்விகளைத் தாமே கேட்டு, தம் பெயரிலேயே எழுதலாயினர். இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, படுக்கைப்புண். நெடுநாள் படுத்திருக்கும் நோயாளியின் முதுகிலும் இடுப்பிலும் புண் வராமல் தடுக்க, மருத்துவமனைகளில் விதவிதமான தைலங்களையும் ஸ்பிரிட்டையும் தேய்த்து வந்தனர். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலச் செவிலியர் முதிய நோயாளிகளை ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட ஆய்வு, பயன் தருவது தேய்ப்பது அல்ல, நேரம் தவறாமல் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதே என்று காட்டியது. புண் வரும் ஆபத்து யாருக்கு அதிகம் என்பதை முன்கூட்டியே அறிய ஒரு மதிப்பெண் பட்டியலையும் அவர் தந்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். மொத்தம் 20க்கு 14 அல்லது அதற்குக் கீழ் பெற்றவர் ஆபத்தில் உள்ளவர். பள்ளித் தேர்வைப் போல எளிய இந்தக் கணக்கு எண்ணற்ற நோயாளிகளைக் காத்துள்ளது.

இரண்டாவது, ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கலாம் என்ற கேள்வி. அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் லிண்டா ஐக்கென் தம் குழுவினருடன் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற 2,30,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்பது 2002இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. "ஆள் பற்றாக்குறை" என்று செவிலியர் சொன்னால் அது முணுமுணுப்பாகத் தோன்றும். அதையே எண்ணாகச் சொன்னபோது அரசுகள் கேட்டன.

இந்தியாவில் ஆய்வுப் படிப்பு

இந்தியாவில் 1946ஆம் ஆண்டு தில்லியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பி.எஸ்சி. செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. தில்லிக் கல்லூரி பின்னர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் செவிலியக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. நாட்டின் முதல் முதுநிலைப் படிப்பு 1959இல் அங்கேதான் தொடங்கியது. 1986இல் இந்தியச் செவிலிய ஆராய்ச்சிச் சங்கம் உருவானது. தொண்ணூறுகளில் முனைவர் பட்ட ஆய்வும் வந்தது. பின்னர் இந்தியச் செவிலியர் மன்றம், பெங்களூருவின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை இணைந்து நாடு தழுவிய முனைவர் பட்டத் திட்டம் ஒன்றை அமைத்தன. வேலூர் செவிலியக் கல்லூரி தனியே ஓர் இதழும் வெளியிடுகிறது.

தமிழ்நாட்டில் 1988 முதல் இயங்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் செவிலியக் கல்லூரிகள் உள்ளன. பி.எஸ்சி. மாணவர்கள் ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் படித்து, குழுவாக ஓர் ஆய்வு செய்கின்றனர். எம்.எஸ்சி. மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு அளிக்க வேண்டும். அப்படியானால் ஆண்டுதோறும் நம் மாநிலத்தில் பல நூறு ஆய்வுகள் நடக்கின்றன.

அவை எங்கே போகின்றன? பெரும்பாலானவை தடித்த அட்டையிட்டு, பொன்னெழுத்துப் பொறித்து, கல்லூரி நூலக அலமாரியில் ஏறிவிடுகின்றன. ஒரு ஊரில் ஐம்பது பேரிடம் 'விழிப்புணர்வுக்கு முன், விழிப்புணர்வுக்குப் பின்' என்று வினாத்தாள் கொடுத்து மதிப்பெண்ணை ஒப்பிடும் ஆய்வுகள் மிகுதி. பட்டம் கிடைத்ததும் கேள்வியும் முடிந்துவிடுகிறது. வார்டில் பத்து இருபது ஆண்டு பணி செய்த செவிலியரிடம் நல்ல கேள்விகள் இருக்கின்றன. ஆய்வு செய்ய நேரமில்லை. கல்லூரியில் இருப்பவரிடம் ஆய்வு முறை இருக்கிறது. நோயாளியின் அருகில் இருக்கும் நேரம் குறைவு. இந்த இடைவெளிதான் நம் நாட்டுச் செவிலிய ஆராய்ச்சியின் பெரிய சிக்கல்.

சிவகாசியில் காத்திருக்கும் கேள்விகள்

இந்த இடைவெளி எங்கள் மாவட்டத்தில் வெறும் கல்விச் சிக்கல் அல்ல, உயிர்ச் சிக்கல். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தாவில் கற்று வந்த தொழிலைக் கொண்டு சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தியைத் தொடங்கினர். மழை குறைந்த கரிசல் பூமியில் அது பிழைப்புக்கு வழி செய்தது. பட்டாசும் அச்சும் அதைத் தொடர்ந்தன. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசை நம்பியே அடுப்பு எரியும் ஊர்கள் பல.

அதே தொழில் அவ்வப்போது உயிரைக் கேட்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 35க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். செய்தியில் வருவது இறந்தவர் எண்ணிக்கை. தீக்காயத்துடன் பிழைத்தவர்களின் வாழ்க்கை செய்தியில் வருவதில்லை. நீண்டகாலம் பெருங்காயம் என்றால் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயச் சிகிச்சைப் பிரிவு உண்டு. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

தீக்காயச் சிகிச்சையில் செவிலியரின் குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். பெரிய தீக்காயத்தில் உடலின் நீர் வேகமாக வெளியேறும். அதை நரம்பு வழியே ஈடு செய்ய வேண்டும். 1968 முதல் வழங்கும் பார்க்லேண்டு சூத்திரப்படி, உடல் எடை (கிலோ) × வெந்த பரப்பு (விழுக்காடு) × 4 மில்லிலிட்டர். எடை 50 கிலோ, வெந்த பரப்பு 40 விழுக்காடு என்றால் 8,000 மில்லிலிட்டர், அதாவது 8 லிட்டர். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் செல்ல வேண்டும். அந்த எட்டு மணி நேரம் மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து கணக்கு. வழியில் இரண்டு மணி நேரம் போயிருந்தால் மீதி ஆறு மணி நேரத்தில் நான்கு லிட்டர் ஏற வேண்டும். "எத்தனை மணிக்குத் தீப்பட்டது?" என்று கேட்டு எழுதுவதும், மணிக்கு மணி சிறுநீர் அளவைக் குறித்து நீர் போதுகிறதா என்று பார்ப்பதும் செவிலியரின் பணி. இது சூத்திரத்தின் விளக்கமே. சிகிச்சையை முடிவு செய்வது மருத்துவக் குழு.

இப்படி எழுதப்படும் தாள்களில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை ஒளிந்திருக்கிறது. தீப்பட்டவுடன் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்ற முதலுதவி. நம் மக்கள் இங்க், பற்பசை, மாவு என்று கைக்கு அகப்பட்டதைப் பூசுகிறார்கள். நம் வட்டாரத்தில் இவ்வாறு வருபவர் எத்தனை பேர்? அவர்களின் காயம் ஆற எத்தனை நாள் கூடுகிறது? காயத்தின் கட்டை மாற்றும்போது நோயாளி அலறுவது பக்கத்து வார்டுக்கும் கேட்கும். வலி மருந்தை எத்தனை நிமிடம் முன்னால் கொடுத்தால் அந்த வலி குறைகிறது? ஆறிய காயத்தில் தோல் சுருங்கி விரல் மடங்கிப் போகாமல் இருக்க உடற்பயிற்சி சொல்லி அனுப்புகிறார்கள். திரி வைக்கவும் குச்சி அடுக்கவும் விரலையே நம்பும் ஒரு பெண் தொழிலாளி வீட்டுக்குப் போன பின் அதைச் செய்கிறாரா? செய்யாவிட்டால் காரணம் மறதியா, வலியா, கூலி வேலையா? இவை பெரிய கருவிகள் கேட்காத, ஆனால் படுக்கை அருகே நிற்பவர் மட்டுமே சரியாகக் கேட்கக்கூடிய கேள்விகள்.

எளிய பொருளும் ஆய்வுக்கு உரியதே என்பதற்கு வாழை இலை ஒரு சான்று. மும்பையில் மருத்துவர்கள் வாழை இலையைத் தூய்மைப்படுத்தித் தீக்காயக் கட்டாகப் பயன்படுத்தி ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். காயத்தில் ஒட்டாததால் கட்டை எடுக்கும்போது வலி குறைகிறது, செலவும் மிகக் குறைவு என்பது அவர்கள் கண்டது. வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. கிருமி நீக்கம் செய்யாத இலை ஆபத்து. ஆனால் இலையில் சாப்பாடு போடும் நம் ஊரில் இந்தக் கேள்வி ஏன் எழவில்லை என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

தொடங்கும் முறை

ஆர்வமுள்ள இளம் செவிலியர்கள் எங்கே தொடங்குவது? முதலில், வார்டில் திரும்பத் திரும்ப உறுத்தும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, அதைப் பற்றி ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் படிக்க வேண்டும். மூன்றாவது, மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெற வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு வழிகாட்டும். நோயாளிக்கு அவர் பேசும் தமிழில் விளக்கிச் சம்மதம் பெறுவது கட்டாயம்; "மாட்டேன்" என்று சொன்னாலும் சிகிச்சை குறையாது என்ற உறுதியை அவர் பெற வேண்டும். வேலையிழப்பு அச்சத்தில் உள்ள தொழிலாளியிடம் இது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது. புதிய சிகிச்சை முறையைச் சோதிக்கும் ஆய்வு என்றால் 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். நான்காவது, எல்லோரும் ஒரே மாதிரி அளந்து எழுத வேண்டும். கடைசியாக, முடிவு எதிர்பார்த்தபடி இல்லாவிட்டாலும் வெளியிட வேண்டும்.

நேரமும் வேண்டும். கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பிற பொது மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவுகோல். அந்த அளவுக்கு ஆள் இல்லாத வார்டில் ஆராய்ச்சி செய் என்பது பசித்தவனிடம் பாடச் சொல்வது போன்றது. வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்குவதும், கல்லூரி ஆசிரியரையும் வார்டு செவிலியரையும் ஒரே ஆய்வில் இணைப்பதும், கட்டுரையில் இருவர் பெயரும் வரச் செய்வதும் நிர்வாகத்தின் கடமை.

நிறைவாக

முப்பது ஆண்டுக்கு மேல் நான் வருகைப் பதிவேடு எடுத்தேன். பணியில் சேர்ந்த புதிதில், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சில பெயர்களுக்கு நேரே தொடர்ந்து 'வரவில்லை' என்றே குறிப்பேன். அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த எண்களைக் கூட்டி, ஆண்டோடு ஆண்டு ஒப்பிட்டு, ஒரு தாளில் எழுதி யாரிடமும் நான் கொடுத்ததில்லை. பதிவேடு கையில் இருந்தது, கேள்வி கேட்கவில்லை. பின்னாளில் நீதிமன்றமும் அரசும் தொண்டு நிறுவனங்களும் அதைக் கேட்டன. 1996இல் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் செய்தித்தாளில் படித்தபோது என் மேசையிலிருந்த பழைய பதிவேடுகள்தான் நினைவுக்கு வந்தன.

அதனால்தான் இதைச் செவிலியம் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நைட்டிங்கேல் எண்களைக் கேட்டார். சென்னையின் செவிலியர்கள் மருந்தை எண்ணினார்கள். ஜீன் வார்டு தோலின் நிறத்தைக் கவனித்தார். நார்ட்டனும் ஐக்கெனும் கேட்டு, எண்ணி, தம் பெயரிலேயே எழுதினார்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிய நாளிலிருந்து நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் சாட்சியம். தீக்காயம் பட்டவரைப் பற்றி இந்த மண்ணுக்குத் தெரிந்த அளவு வேறெங்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்த அறிவு வார்டு நோட்டுகளோடு பழைய தாள் கடைக்குப் போய்விடாமல், அதை எழுதியவர்கள் பெயரோடு உலகுக்குக் கிடைக்க வேண்டும். இனி தேர்வு முடிவு வந்ததும் "நர்சிங் சேர்க்கலாமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் அதையும் சேர்த்துச் சொல்வேன்.